பருகாதவன் ஏந்திய கிண்ணம்

மார்ச் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றைய ஆராதனையில், நான் நெடுங்காலம் ஏந்திவந்த திருவிருந்துக் கிண்ணம் என் கையிலிருந்து எடுக்கப்பட்டு, என் மனைவியின் தம்பியிடம் கொடுக்கப்பட்டது. இதுவே என் குறை. சுற்றி வளைக்காமல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில், ஆலய வாசலில் இதைப் பற்றிப் பேசியவர்களில் ஒருவர்கூட நேராகப் பேசவில்லை. "சாருக்கு வயசாச்சு", "சாருக்கும் ஓய்வு வேணுமில்ல" என்று வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் பேசினார்கள். வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு ஊசி எது, பழம் எது என்று தெரியாதா?

எங்கள் ஆலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிறன்று திருவிருந்து நடைபெறும். பீடத்தின் முன்னே முழங்கால் உயரத்துக்கு மரக்கிராதி ஒன்று உண்டு. மக்கள் பெஞ்சு பெஞ்சாக எழுந்து வந்து அதன் ஓரமாக மண்டியிடுவார்கள். போதகர் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் அப்பத்துண்டை வைத்துக்கொண்டே செல்ல, திராட்சரசக் கிண்ணம் ஏந்துபவர் அவரைப் பின்தொடர்வார். எல்லார்க்கும் ஒரே கிண்ணம். வங்கி மேலாளர் வாய் வைத்த விளிம்பிலேயே அவர் வீட்டுத் தோட்டக்காரரும் வாய் வைப்பார். ஒருவர் பருகியதும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கிண்ணத்தைச் சற்றே திருப்பி, அடுத்தவரிடம் நீட்ட வேண்டும்.

இதில் மீறக் கூடாத ஒழுங்கு ஒன்று இருக்கிறது. போதகர் முதலில் உண்டு பருகுவார். அடுத்துக் கிண்ணம் ஏந்துபவர். அதன் பிறகே மக்கள். இறுதியில் கிண்ணத்தில் எஞ்சுவதைக் கொட்டக் கூடாது. ஏந்துபவரே பருகித் தீர்க்க வேண்டும். காரணம் எளியது. ஏந்துபவரும் அந்தப் பந்தியில் ஒரு விருந்தாளி. தான் உண்ணாத பந்தியில் பிறர்க்குப் பரிமாறுபவர் கூலிக்கு வந்தவராகிவிடுவார்.

என் வலக்கை நடுங்குகிறது. மறுக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு தொடங்கிய நடுக்கம் அது. கையொப்பம் இடும்போது எழுத்து கோணும். ஆனால் கிண்ணத்தை இரு கைகளாலும் பற்றி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, அடிமேல் அடிவைத்து நடப்பேன். ஒரு துளியும் சிந்தியதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பது வெட்கக்கேடு. வேறு யாரும் சொல்லாததனால் சொல்கிறேன்.

எங்கள் போதகர் என்னிடம் படித்த பிள்ளைகளைவிட இளையவர். அந்த ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கோப்பையையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சார், கொஞ்ச நாள் நீங்க ஓய்வெடுத்துக்கலாமேன்னு சபையில ஒரு அபிப்பிராயம்."

"அபிப்பிராயத்துக்குப் பேர் இருக்குமே. யாரு?"

"பொதுவா எல்லாரும்தான் சார்."

"சரி, யார் ஏந்தப் போறாங்க?"

"உங்க மைத்துனர்தான். வெளியாள் இல்ல பாருங்க" என்றார், அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணியவராக.

வெளியாளாக இருந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன்.

என் மைத்துனன் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருப்பவன். ஆலயத்தில் பாதிப் பேர் அணிவது அவன் கடைச் செருப்புதான். சிரிக்கும்போது கூரை அதிரும். ஆராதனைக்கு முதல் பாட்டு முடிந்த பிறகு வருவான். வந்தவன் சும்மா உட்காராமல் நாலு பேருக்குக் கை அசைத்துவிட்டு உட்காருவான். நான் ஞானஸ்நானம் பெற்ற வயதில் எனக்கு நடக்கக்கூடத் தெரிந்திருக்கவில்லை. அவனோ தலை நரைத்த பிறகுதான் வாரம் தவறாமல் ஆலயத்துக்கு வரத் தொடங்கினான். அதற்கு முன் ஞாயிறு என்றால் அவனுக்கு மீன்பிடிக்கும் நாள்.

அந்த மார்ச் ஞாயிறன்று நான் கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்தேன். என் மனைவி உடன் வரவில்லை. இடுப்பு மூட்டு தேய்ந்து, ஆலயப் படி ஏற முடியாமல் வீட்டில் கிடந்தாள். எங்கள் பெஞ்சின் முறை வந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. அவன் கையிலிருந்து வாங்கிப் பருகுவதா? கூடாது என்று அந்தக் கணத்தில் முடிவு செய்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் என் முழங்காலைத் தாண்டி, "மன்னிச்சுக்கங்க சார்", "கொஞ்சம் கால மடக்கிக்கிறீங்களா சார்" என்று ஒவ்வொருவராகப் போனார்கள். போனபடியே திரும்பியும் வந்தார்கள். ஒருவர் என் கால் சுண்டுவிரலை மிதித்தார். அதுவும் அவன் கடைச் செருப்புத்தான்.

உட்கார்ந்த இடத்திலிருந்து அவனையே பார்த்தேன். முதல் நாளிலேயே ஒரு மூதாட்டியின் வெள்ளை முந்தானையில் சிந்தினான். நான் அப்போது அடைந்த மகிழ்ச்சியை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. ஆனால் அந்த மூதாட்டி கோபப்பட்டாரா? அவன் ஏதோ முணுமுணுக்க, மண்டியிட்டபடியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்! கடையில் காலளவு பார்ப்பதற்காகக் குனிந்து குனிந்து பழகிய முதுகு அவனுக்கு. குள்ளமானவர் முன் குனிந்தான். முழங்கால் வலியால் நின்றபடியே வாங்குபவர் முன் நிமிர்ந்தான். அவன் அருகில் வந்ததும் மக்கள் தலையை உயர்த்தி அவன் முகத்தைப் பார்த்தார்கள். என் காலத்தில் எல்லாரும் தலை குனிந்தே வாங்கினார்கள். நான் அதைப் பக்தி என்று எண்ணினேன். இப்போதும் அப்படித்தான் எண்ணுகிறேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னேன். சிந்தியதை இருமுறை சொன்னேன்.

"நீங்க சிந்தினதே இல்ல, தெரியும்" என்றாள் அவள், கூரையைப் பார்த்தபடி. "ஆனா உங்ககிட்ட வாங்கும்போது திருத்தின பரீட்சைத்தாள வாங்கற மாதிரியே இருக்கும். எத்தன மார்க்குன்னு பயந்துகிட்டே குடிப்பேன்."

"நீயுமா?"

"நானும்தான். கட்டிக்கிட்டவளுக்குக் கூடுதல் மார்க்கா போட்டீங்க?"

ஏப்ரல் மாதத்திலும் நான் எழவில்லை. மறுபடியும் என் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். ஆனால் அன்று நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். போதகர் பருகினார், கிண்ணத்தை என் மைத்துனனிடம் கொடுத்தார், அவன் அதை வாயருகே கொண்டுபோகவே இல்லை. நேராக மக்களிடம் நடந்தான். இறுதியில் எஞ்சியதையும் அவன் பருகவில்லை. போதகரிடம் திருப்பிக் கொடுத்தான். அவர் பருகித் தீர்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மே மாதமும் கவனித்தேன். அதே கதை. கிண்ணம் ஏந்துபவன் பருகுவதில்லை!

புதையல் கிடைத்தவன்போல் ஆனேன். ஆராதனை முடிந்து, எல்லாரும் கலைந்த பிறகு, அங்கியை மடித்துக்கொண்டிருந்த போதகரிடம் போனேன்.

"ஐயா, ஒழுங்கு மீறப்படுகிறது. ஏந்துகிறவர் பருகுவதில்லை. ஏன் என்று கேட்டீர்களா?" நான் கோபம் கொண்டால் பேச்சும் எழுத்துத் தமிழாகிவிடும்.

"தெரியும் சார்" என்றார் போதகர்.

"தெரிந்துமா?"

"அதுக்குக் காரணம் இருக்கு. அத நான் சொல்றது முறையில்ல. நீங்க அவர்கிட்டயே கேளுங்களேன்."

அவனிடம் கேட்பதா! மார்ச் மாதம் முதல் நான் அவனோடு பேசவில்லை. அக்காவைப் பார்க்க வாரந்தோறும் வருவான். வாசலில் அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் நான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வேன். "அத்தான் குளிக்கிறாரா? போன வாரமும் குளிச்சாரே" என்று அவன் கேட்பதும், "உடம்பு முழுக்க அழுக்கு, தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிக்கிறாரு" என்று அவள் பதில் சொல்வதும் கதவுக்குள்ளே எனக்குக் கேட்கும். பிறகு இருவரும் சிரிப்பார்கள். என் வீட்டில், என் கட்டிலருகே அமர்ந்து, என் மனைவியை என்னால் சிரிக்க வைக்க முடியாத அளவுக்கு அவன் சிரிக்க வைத்தான். நான் உலர்ந்த உடம்போடு குளியலறை முக்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் பருகாததற்கு நானே காரணங்களைக் கற்பித்துக்கொண்டேன். பிறர் எச்சில் என்ற அருவருப்பு. ஏதோ மறைவான நோய். அல்லது நம்பிக்கையே இல்லாத வெறும் பகட்டு. மூன்றில் எது உண்மையானாலும் எனக்குச் சம்மதமே.

மே மாதக் கடைசியில் என் மனைவிக்கு இடுப்பு மூட்டை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதுவரை, "வீட்டுக்கெல்லாம் கொண்டு வர வேண்டாம், அடுத்த மாசம் நானே நடந்து வருவேன்" என்று போதகரிடம் சொல்லிவந்தவள், நாள் குறித்த அன்று மனம் மாறினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி எனக்குத் திருவிருந்து வேணுங்க" என்றாள். மயக்க மருந்தைப் பற்றி அவளுக்குப் பயம் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். போர்வையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள் பிற்பகல் போதகர் வந்தார். அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மைத்துனன் வந்தான். இம்முறை எனக்குக் குளியலறை வாய்க்கவில்லை; கதவைத் திறந்ததே நான்தான்.

"அத்தான், இன்னைக்குக் குளிச்சாச்சா?"

நான் கதவை விரியத் திறந்து வழிவிட்டேன்.

படுக்கையருகே மருந்துப் புட்டிகளை ஒதுக்கி, சிறு மேசையில் வெள்ளைத் துணியை விரித்தார் போதகர். பெட்டிக்குள்ளிருந்து தட்டையும், கைக்கடக்கமான கிண்ணத்தையும், மூடிபோட்ட சிறு குப்பியையும் எடுத்து வைத்தார். என் மனைவி தலைவாரி, சலவை செய்த சேலையை மார்பின்மேல் போர்த்திக் காத்திருந்தாள்.

நோயுற்றோர்க்கு வீட்டில் திருவிருந்து கொடுக்கும்போது எங்கள் சபையில் ஒரு விதி உண்டு. போதகரும் நோயாளியும் மட்டும் பங்குகொண்டால் போதாது. இன்னும் ஒருவரேனும் உடன் உண்ண வேண்டும். வீட்டார், அண்டை அயலார், யாராயினும் சரி. திருவிருந்து தனியொருவர் உட்கொள்ளும் மருந்தன்று. ஓர் உடலின் உறுப்புகள் சேர்ந்து உண்ணும் உணவு. இந்த விதியை, பிள்ளைகளை முதல் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில், ஆண்டுதோறும் விளக்கியவன் நான். ஆகவே போதகர் எங்கள் இருவரையும் பார்த்து, "உங்கள்ல யார் கூட எடுத்துக்கப் போறீங்க?" என்று கேட்டபோது, அந்தக் கேள்வியில் நான் குறை காண முடியவில்லை.

"அவன் இருக்கிறானே" என்றேன்.

"நான் எடுக்க முடியாது போதகரே" என்றான் என் மைத்துனன்.

இதோ, அகப்பட்டான்! "ஏன் முடியாது? சபையில்தான் ஏமாற்றுகிறாய். உன் அக்காள் படுக்கையருகிலுமா? காரணத்தைச் சொல்."

அவன் தலையைச் சொறிந்தான். கூரையை அதிரவைக்கும் குரல் எங்கே போயிற்றோ, மெல்லப் பேசினான்.

"பீடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, நம்ம மேல மனத்தாங்கல் உள்ளவனோட சமாதானம் ஆகணும்னு இருக்கில்ல அத்தான்? உங்களுக்குத் தெரியாததா? என்மேல உங்களுக்கு மனத்தாங்கல். முதல் நாளே நீங்க எழுந்து வரல. கடைசி பெஞ்சுல உட்காந்து பாத்துக்கிட்டிருந்தீங்க. அந்தப் பார்வையிலதான் கை வழுக்கிச் சிந்திட்டேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நீங்க எடுக்கிற வரைக்கும் நானும் எடுக்கிறதில்லன்னு. போதகர்கிட்டயும் சொல்லிட்டேன். சரி பண்ணலாம்னு வாராவாரம் வீட்டுக்கு வந்தா, நீங்க குளிச்சுக்கிட்டே இருக்கீங்க."

"அப்படியானால் கிண்ணத்தை ஏன் வாங்கினாய்? வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே."

"நான் வேண்டாம்னா வேற யாருக்காவது போயிருக்கும். அது நம்ம வீட்டு ஆள் கையிலயே இருந்தா, என்னைக்காவது நீங்க திரும்பி வந்து வாங்கிப்பீங்கன்னு நெனச்சேன். இப்பவே வேணும்னாலும் எடுத்துக்கங்க. எனக்கென்ன, நான் செருப்பு விக்கிறவன்."

என் நிலையைப் படிப்பவர் உணர வேண்டும். கிண்ணம் போயிற்று; சபையின் முகமலர்ச்சி போயிற்று; மனைவியின் சிரிப்பு போயிற்று. எனக்கென்று மிஞ்சியிருந்தது என் பட்டினி ஒன்றுதான். எவரும் கேளாமல், எவரிடமும் சொல்லாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் கிடந்த பட்டினி. இவன் அதையும் என்னோடு பகிர்ந்துகொண்டு, அதையும் என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறான்! நான் பட்டினி கிடந்தது அவனை வெறுத்து. அவன் பட்டினி கிடந்தது எனக்காகக் காத்து.

"ஏங்க" என்றாள் என் மனைவி. அவள் போர்வையை முறுக்கவில்லை. இரு கைகளும் விரிந்து கிடந்தன. "ரெண்டு ஆம்பளைங்க ஆளுக்கொரு மூலையில நின்னுக்கிட்டு என்னப் பட்டினி போடுறீங்க. மாத்திரைன்னா ஒத்தையா முழுங்கிட்டுப் போயிடுவேன். இது பந்தி. ஒரே ஒரு எலை போட்டா அதுக்குப் பேர் பந்தியா? நாளைக்கு என்னக் கண்ண மூட வச்சுட்டு அறுக்கப் போறாங்க. நான் யாரோட சேர்ந்து சாப்பிட்டேன்னு நெனச்சுக்கிட்டுக் கண்ண மூடணும்?"

போதகர் எங்கள் முகங்களைப் பார்க்காமல் மேசைத்துணியின் சுருக்கத்தை நீவினார். அந்த இளைஞரை நான் முதன்முறையாக மதித்தது அப்போதுதான்.

நான் கட்டிலின் மறுபுறம் போய் மண்டியிட்டேன். முழங்கால்கள் சடசடத்தன. "ஆரம்பிங்க" என்றேன்.

போதகர் அப்பத்தை ஆசீர்வதித்துப் பிட்டார். மூவர் கையிலும் வைத்தார். கிண்ணத்தை எடுத்து ஜெபித்தபின் தாம் பருகி, என் மைத்துனனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கி என்னிடம் நீட்டினான். "நீங்க குடுங்க அத்தான், அக்காவுக்கு."

கையை நீட்டினேன். ஆனால் என் மனைவியால் தானாகத் தலையைத் தூக்க முடியாது. ஒருவர் அவள் கழுத்தைத் தாங்க வேண்டும். ஒருவர் கிண்ணத்தைப் பிடிக்க வேண்டும். படுத்திருப்பவள் வாயில் நடுங்கும் கையால் புகட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் கழுத்தின் கீழ் என் கையைக் கொடுத்துத் தூக்கினேன். "நீயே பிடி" என்றேன். அவன் பிடித்தான். அவன் கையிலிருந்து அவள் பருகினாள். அவள் தொண்டை அசைவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

பிறகு விளிம்பைத் துடைத்து, சற்றே திருப்பி, என்னிடம் நீட்டினான். பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்காமல் தலை குனிந்து பருகினேன். நான்கு மாதங்களாக நான் மறந்திருந்த அந்தத் துவர்ப்பும் இனிப்பும் நாக்கில் இறங்கின.

எஞ்சியிருந்தது அவன் பங்கு. கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன். அவன் என் எதிரே, கட்டிலுக்கு அப்பால், குழந்தையைப்போல் வாயைத் திறந்துகொண்டு மண்டியிட்டான். கட்டிலுக்குக் குறுக்கே இரு கைகளையும் நீட்டினேன். முழங்கையை விலாவோடு ஒட்ட வழியில்லை. கிண்ணம் அவன் பல்லில் பட்டுக் கிணுகிணுத்தது. அவன் பருகினான். ஒரு துளி தாடையில் வழிந்து, வெள்ளைச் சட்டையில் சிவப்பாக விழுந்தது.

அவன் குனிந்து அதைப் பார்த்தான். பிறகு கூரை அதிரச் சிரித்தான். "அப்பாடா! இப்ப ரெண்டு பேரும் சிந்தியாச்சு அத்தான்!"

என் மனைவியும் சிரித்தாள். இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். போதகர்கூடத் துணியால் வாயை மறைத்துக்கொண்டார். ஒரு துளியும் சிந்தாதவன் என்ற என் கடைசிப் பெருமையும் அந்தச் சட்டையில் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் எழுந்து வெளியே போகவும் இல்லை.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. அவள் நடைச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடை பழகுகிறாள். ஆலயத்தில் கிண்ணத்தை இன்னும் என் மைத்துனனே ஏந்துகிறான். போதகரை அடுத்து, மக்களுக்கு முன்பு, ஒழுங்குப்படி பருகவும் செய்கிறான். ஜூன் முதல் ஞாயிறு எனக்கு மருத்துவமனையில் கழிந்தது; ஜூலை மாதம் நான் எழுந்து சென்று கிராதியருகே மண்டியிட்டேன். மக்கள் தலையை உயர்த்தி அவனைப் பார்ப்பதைக் காணும்போது இன்றும் என் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் பருகுகிறேன். எரிச்சல் தணிந்த பிறகுதான் எழ வேண்டும் என்றால் நான் கடைசிப் பெஞ்சிலேயே செத்திருப்பேன்.

மார்ச் இரண்டாம் நாள் எழுந்த குறை அப்படியே நிற்கிறது. அதை நான் திரும்பப் பெறவில்லை. இப்போது அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அது சபையாராகிய உங்கள்மேல். மூன்று மாதங்கள் நான் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் எழாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரே அப்பத்தில் பங்குபெற, ஒரே கிண்ணத்தில் பருக, என் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனீர்கள். காலை மடக்கச் சொன்னீர்கள், மன்னிப்புக் கேட்டீர்கள், சுண்டுவிரலை மிதித்தீர்கள். "ஏன் வரவில்லை?" என்று ஒருவர் கேட்டதுண்டா? கேட்பதற்காகக் குளியலறைக் கதவு வரை வந்தவன் செருப்புக்கடைக்காரன் ஒருவனே. அவனும் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பட்டினி கிடந்தான்.

அடுத்த முதல் ஞாயிறு வருகிறது. உங்கள் பெஞ்சில் ஒருவர் எழாமல் உட்கார்ந்திருந்தால் அவர் முழங்காலைத் தாண்டாதீர்கள். நில்லுங்கள். பின்னால் வரிசை முட்டினாலும் நில்லுங்கள். குனிந்து, அவர் முகத்தைப் பார்த்து, ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை நீங்களும் போகாதீர்கள்.